சோதித்துப் பார்ப்பது பாவமல்ல

"ஊழியக்காரரை நியாயந்தீர்க்காதீர்கள், சொன்ன நாள் தவறினாலும் பலர் மனந்திரும்பினார்களே" என்று அமெரிக்கப் போதகர் ஹெரால்ட் கேம்பிங்குக்காகச் சிலர் வாதாடுகிறார்கள். இதை ஏற்க முடியாது.

அவர் தரிசனம் கண்டதாகச் சொல்லவில்லை. வேதத்திலிருந்து நியாயத்தீர்ப்பு நாளைக் கணக்கிட்டதாகச் சொன்னார். முதலில் 1994 செப்டம்பர் என்றார். பிறகு 2011 மே 21 என்று தன் வானொலியிலும் விளம்பரப் பலகைகளிலும் உறுதியாக அறிவித்தார். நியூயார்க்கில் ஓய்வுபெற்ற ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலரை அந்த விளம்பரத்துக்கே செலவழித்தார். அன்று மாலை ஆறு மணிக்கு டைம்ஸ் சதுக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மனிதருக்கு யார் பதில் சொல்வது?

கேம்பிங்கோ, நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதத்தில் வந்துவிட்டது, உலக முடிவு அக்டோபர் 21 என்றார். அதுவும் பொய்த்தது.

அறிவிக்கப்பட்ட அழிவு வராமல்போன நினிவேயை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே ராஜா முதல் குடிகள் வரை இரட்டுடுத்தி மனந்திரும்பியதால் தண்டனை நீங்கியது. 2011இல் அப்படி எந்த ஊர் திரும்பியது?

சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தருடைய வார்த்தை அல்ல என்கிறது உபாகமம் 18. அந்த நாளைப் பிதா ஒருவரே அறிவார் என்கிறது மத்தேயு 24. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாமல் சோதித்துப் பார்க்கச் சொன்னவர் பவுல். ஆக, சோதிப்பது அவிசுவாசம் அல்ல, கீழ்ப்படிதல்.

தேதி குறித்தது பாவம் என்று 2012 மார்ச்சில் கேம்பிங்கே ஒப்புக்கொண்டார். அவரே அறிக்கையிட்டதை நாம் ஏன் மூடி மறைக்க வேண்டும்?