கணக்கு நோட்டைப் பிடுங்காதீர்கள்!

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் ஒரு பெயரை மறந்துவிட்டால் போதும், "அவருக்கு மூளையே மழுங்கிப் போச்சு" என்று வீட்டிலேயே முத்திரை குத்திவிடுகிறோம். அடுத்த நாளே பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, பீரோ சாவி எல்லாம் கை மாறிவிடுகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை, தோழிகளே.

சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்கு ஞாபகமும் யோசிக்கும் வேகமும் குறைவது உண்மைதான். நாலு மணி நேரத்தில் உடம்பிலிருந்து நிறைய நீரை இழுக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தமும் குறைவது அதற்கு ஒரு காரணம். அப்படியென்றால் நம்ம அடுப்படிக்கும் இதில் பங்கு உண்டு! உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைந்தால் தாகம் குறையும். தாகம் குறைந்தால் இழுக்க வேண்டிய நீரும் குறையும். "பாவம், நாக்குச் செத்துப் போச்சு" என்று ஊறுகாயை நீட்டுவது இரக்கமே இல்லை.

இன்னொன்று, அந்த நாலு மணி நேரம். நானும் என் வீட்டுக்காரரும் கிளியூரிலிருந்து வாரம் மூன்று தடவை இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போகிறோம். அங்கே எல்லோரும் விட்டத்தைப் பார்த்தே படுத்திருப்பார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், டயாலிசிஸ் நடக்கும்போதே சிலருக்கு மூளைக்கு வேலை தரும் விளையாட்டும், சிலருக்குக் காலால் பெடல் மிதிக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில், சும்மா இருந்தவர்களுக்கு யோசிக்கும் வேகம் குறைந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. மொத்தமே 20 பேர்தான், அதனால் இதைக் கண்கண்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?

என் வீட்டுக்காரருக்கு ஊசி குத்துவது இடது கையில். வலது கை சும்மாதானே இருக்கிறது? எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர் அவர். குறுக்கெழுத்து, மிளகு விற்ற கணக்கு, மளிகை லிஸ்ட் எல்லாம் அங்கேயே நடக்கிறது. கூட்டல் தப்பினால் நான் வாயைத் திறப்பதில்லை. இரண்டாம் தடவை கூட்டி அவரே கண்டுபிடிப்பார். (அப்போது அந்த முகத்தைப் பார்க்கணும்!)

திடீரென்று பேச்சுக் குழறினாலோ, ஆள் தெரியாமல் விழித்தாலோ மட்டும் வயசுக் கோளாறு என்று விடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பெடல் மிதிப்பதும் அவரைக் கேட்டுத்தான். டயாலிசிஸ் சென்டர் நடத்துகிறவர்களே, சுவருக்குச் சுவர் டி.வி. மாட்டுகிற செலவில் நாலு பெடலும் வாங்கிப் போடுங்களேன்!

– ஒரு வாசகி, கிளியூர், ஏற்காடு.