கையெழுத்துப் போட மட்டும்தானா கமிட்டி?

புது மருந்து கண்டுபிடித்தால் முதலில் எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் மனிதனுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த மனிதனுக்குத் தீங்கு வராமல் காக்க ஒரு கமிட்டி உண்டு. "நெறிமுறைக் குழு" என்று அதற்குப் பெயர். அது சம்மதித்தால்தான் சோதனை தொடங்கலாம்.

இந்தக் கமிட்டிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். படித்த டாக்டர்களும் வக்கீல்களும் இருக்கும் இடத்தில் பயிற்சி எதற்கு? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

40 ஆண்டு மோசடி

அலபாமா மாநிலத்தில் டஸ்கேகி என்று ஓர் ஊர். 1932-ம் ஆண்டு அங்கே அரசாங்க டாக்டர்கள் வந்தார்கள். ஏழைக் கறுப்பினக் குடியானவர்கள் சுமார் 600 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 399 பேருக்கு மேகநோய். "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். சாப்பாடு இலவசம். செத்தால் அடக்கச் செலவும் உண்டு! சரியான வைத்தியம் மட்டும் இல்லை. நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

1940-களில் பென்சிலின் வந்தது. மேகநோயை அது தீர்த்தது. அந்த ஊசியையும் இவர்களுக்குப் போடவில்லை. மனைவிமாருக்கும் நோய் தொற்றியது. பிள்ளைகளும் நோயோடு பிறந்தன.

1969-ல் இதைப் பற்றி முடிவு செய்ய ஒரு கமிட்டி கூடியது. ஆமாம், கமிட்டி கூடியது! டாக்டர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் மட்டும் மருந்து கொடுக்கச் சொன்னார். மற்றவர்கள், சோதனை நடக்கட்டும் என்றார்கள். 1972-ல் பத்திரிகையில் செய்தி வந்து, ஊர் சிரித்த பிறகே அது நின்றது.

நம் நாட்டில்

இந்தியாவில் 2019-ம் ஆண்டு புது விதிகள் வந்தன. கமிட்டியில் குறைந்தது 7 பேர் வேண்டும். பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள். பெண் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், சாதாரணக் குடிமகன் ஒருவர் கட்டாயம். பயிற்சியை முடிக்காதவருக்குப் பதவி போய்விடும்.

அந்தச் சாதாரண மனிதருக்குத்தான் பயிற்சி மிகவும் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டர்கள் நடுவே அவர் வாய் திறக்கக் கூசுவார். கையெழுத்துப் போட்டு, காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பயிற்சி பெற்றவரோ கேட்பார்: இந்தச் சம்மதப் பத்திரம் நோயாளிக்குப் புரியுமா? பாதியில் விலகினால் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா? தீங்கு வந்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது?

சம்மதப் பத்திரத்தின் நகலை நோயாளி கையில் கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கொடுத்தார்களா என்று கேட்பதும் இந்தக் கமிட்டியின் வேலைதான்.