பேதியா, சாதியா?

எங்க மேல்சித்தாமூரில் சமண மடம் இருக்கு. சோறு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்று நான்கு தானம் சொல்கிறது சமணம். மருந்தும் படிப்பும் ஒண்ணா நிற்கிற பட்டியல், எனக்குப் பிடிக்கும். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் ஆகப் படிப்பவர்கள் சேர்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் அறிக்கை விட்டது. சரிதான். எங்கே உட்கார்ந்து கற்பது?

2022இல் வந்த விதிப்படி எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் 'தத்தெடுக்க' வேண்டுமாம். (தத்தெடுக்க நாம என்ன திக்கத்த புள்ளைங்களா?) இங்கேயும் ஒரு கல்லூரி பஸ் வந்தது. ஊர்த்தெருவில் பிரஷர் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். காலனிக்கு வழி கேட்டவர் ஒருத்தருமில்லை.

தோழர்களே, வேங்கைவயலை எடுத்துக்குங்க. 2022 டிசம்பர். குழந்தைகளுக்குக் காய்ச்சல், வாந்தி, பேதி. தண்ணியைப் பாருங்க என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் தலித்துகள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது தெரிந்தது. மருந்து கொடுத்தாச்சு. நோய்க்குப் பேர் என்ன? பேதியா, சாதியா? எந்தத் துறைப் பாடத்தில் இதற்கு விடை?

முதல் வகுப்பை காலனித் தண்ணித்தொட்டியடியில் வையுங்கள். எல்லாப் படிப்புக்காரரும் தரையில் உட்காரட்டும். வார்டில் மலம் அள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளி பாடம் எடுக்கட்டும். விரிவுரையாளருக்குத் தருகிற அதே தொகையை அவர் கணக்கில் வரவு வையுங்கள். பாஸ்புக்கில் பதிந்து தர நான் கவுண்டரில் இருக்கிறேன்.