ஆயுதத்திற்குப் பூசை, ஆளுக்குப் படிப்பு வேண்டாமா?

ஆயுத பூஜை என்னும் பேரால் வருஷந்தோறும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஆபரேஷன் அறைக்கு நடக்கும் மரியாதையைத் தோழர்கள் அறிந்திருக்கலாம். கத்திக்கும் கத்திரிக்கும் சந்தனம், மேஜைக்குக் குங்குமம், மயக்க மருந்து யந்திரத்திற்கு மாலை, வாசலில் பூசணிக்காய் என்று எல்லாம் குறைவின்றி நடக்கின்றது. ஆனால் அந்தக் கத்தியை மற்ற 364 நாளும் கழுவி, ஆவியில் வேகவைத்து, எண்ணி, டாக்டர் கையில் எடுத்துக் கொடுக்கின்ற ஆள் யார், அவர் அந்த வேலையை எங்கே படித்தார், எத்தனை நாள் படித்தார், அவரைப் பரீட்சித்துச் சர்டிபிகேட் கொடுத்தவர் யார் என்று கேட்டால் மாத்திரம் பல இடங்களில் பதில் கிடைப்பதில்லை. இதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

ஆபரேஷன் என்றால் நமது ஜனங்கள் டாக்டர் ஒருவரையே நினைக்கின்றார்கள். கைராசிக்காரர் என்று பேர் வாங்கிய டாக்டரைத் தேடி, தாலிக்கொடியையும் அடகு வைத்துவிட்டு, அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் சேலத்திற்கும் பெங்களூருக்கும் ஓடுகின்றார்கள். கையில் இருப்பது படிப்பும் பழக்கமுமே ஒழிய ராசி அல்ல. அன்றியும் அந்தக் கை ஒன்று மாத்திரமே ஆபரேஷனைச் செய்து முடித்துவிடுவதுமில்லை. அதற்கு முன்னும் பின்னும் பல கைகள் வேலை செய்கின்றன. அந்தக் கைகளுக்குப் படிப்பு இல்லாவிட்டால் டாக்டரின் படிப்பும் வீணாகிப் போகும்.

ஆயுதங்களைச் சுத்தி செய்யும் ஆட்டோகிளேவ் என்னும் ஆவிக் கொப்பரையையே எடுத்துக்கொள்ளுவோம். அதில் நீராவி 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி சூட்டில், குறைந்தது 15 நிமிஷமாவது நின்றால்தான் கிருமி சாகும். டப்பாவுக்குள் துணியை அமுக்கித் திணித்துவிட்டால் ஆவி நடுவே போய்ச் சேராது. மேலே ஒட்டியிருக்கும் பட்டையின் நிறம் மாறிவிட்டதே என்று படிக்காத ஆள் திருப்தியடைந்துவிடுவார். அந்த நிறம் சூடு பட்டது என்பதற்கு மாத்திரமே சாட்சி, உள்ளே கிருமி செத்தது என்பதற்குச் சாட்சி அல்ல என்பது படித்தவருக்கே தெரியும். இதைப்போலவே வயிற்றைத் திறக்குமுன் எத்தனை பஞ்சுத்துணி, மூடுமுன் எத்தனை, முடிந்தபின் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் டாக்டர் எவ்வளவு பெரியவரானாலும் "ஐயா, தையல் போடாதீர்கள், கணக்கு உதைக்கின்றது" என்று சொல்லுகின்ற தைரியமும் வேண்டும். அந்தத் தைரியம் படிப்பினால் வருமே தவிரப் பயபக்தியினால் வராது.

இது ஏதோ நாம் கற்பனையாகச் சொல்லிப் பயமுறுத்துவதல்ல. கன்னியாகுமரி ஜில்லா ஆசாரிப்பள்ளம் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், 2011-ஆம் வருஷம், பிரசவத்திற்கு வந்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்குப் பிராணவாயு என்று நினைத்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் மயக்க வாயு கொடுக்கப்பட்டுவிட்டது. நினைவு தப்பிய அந்தத் தாய் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மறு வருஷம் இறந்துபோனார். 28 லட்ச ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கும்படி 2017-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை சர்க்காருக்கு உத்தரவிட்டது. பணம் வந்தது, தாய் வரவில்லை.

இந்த நாட்டில் பிராணவாயு சிலிண்டருக்குக் கறுப்பு உடலும் வெள்ளைத் தலையும், நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு நீல நிறமும் வைத்திருக்கின்றார்கள். சிறு சிலிண்டர்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாதபடி வெவ்வேறு துளைகளும் முளைகளும் வைத்திருக்கின்றார்கள். மனிதன் தவறக்கூடியவன் என்பதை ஒப்புக்கொண்ட மனிதர்கள் செய்த ஏற்பாடு இது. ஆனால் அந்த நிறத்துக்கும் முளைக்கும் அர்த்தம் தெரிந்த ஆள், ஒவ்வொரு நாளும் ஆபரேஷனுக்கு முன் யந்திரத்தைச் சோதித்துப் பார்க்கின்ற ஆள், அங்கே நிற்க வேண்டாமா? ஆசாரிப்பள்ளத்தில் குற்றம் எந்த ஆளுடையது என்பது நம்முடைய கேள்வியல்ல. ஒரு வாயுவுக்கும் மற்றொரு வாயுவுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் உயிர் என்பதுதான் நாம் சொல்லுவது.

நிற்க. இப்படிப்பட்ட சாவு நேர்ந்தால் நமது ஜனங்கள் "ஆயுசு அவ்வளவுதான்", "தலையெழுத்து" என்று சொல்லி அழுது ஓய்ந்துவிடுகின்றார்கள். 1847-இல் வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்னும் டாக்டர், பிரசவம் பார்க்குமுன் கையைக் குளோரின் கலந்த நீரில் கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டதும் தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. எழுதிய எழுத்து கை கழுவினால் அழிந்துவிடுமானால் அதைத் தலையெழுத்து என்று சொல்லலாமா, கை அழுக்கு என்று சொல்லலாமா? அவ்வளவு தூரம் போவானேன்? உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஆபரேஷனுக்கு 19 அம்சமுள்ள ஒரு சோதனைப் பட்டியல் செய்து, டில்லி உட்பட 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் பரீட்சித்து, முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். ஆள் சரியா, இடம் சரியா, ஆயுதம் சுத்தமா, பஞ்சுக் கணக்கு ஒத்ததா என்று வாய்விட்டுக் கேட்டுப் பதில் பெறுவதுதான் அந்தப் பட்டியல். ஆயிரத்துக்கு 15 ஆக இருந்த சாவு 8 ஆகக் குறைந்தது. எந்தச் சாமிக்கு எந்த நேர்த்திக்கடன் செய்து இவ்வளவு உயிர்கள் மிஞ்சியிருக்கின்றன என்று கேட்கின்றோம்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் இருக்கின்றது. 2021-இல் இந்தியப் பார்லிமெண்டு, டாக்டரும் நர்சும் அல்லாத வைத்தியத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் ஒன்று செய்திருக்கின்றது. ஆபரேஷன் அறைத் தொழில்நுட்பரும் மயக்க மருந்து உதவியாளரும் அதில் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றார்கள். இத்தகைய தொழிலுக்கு 2 வருஷத்திற்குக் குறையாமல் 2,000 மணி நேரமாவது படித்திருக்க வேண்டும் என்றும், மாகாணந்தோறும் கவுன்சில் ஏற்படுத்தி ஆட்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது சொல்லுகின்றது. ஆனால் காகிதத்தில் ஏறின சட்டம் காரியத்தில் இறங்கவில்லை. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, இரண்டு மாதத்திற்குள் அதை நடத்திக் காட்டுங்கள் என்று மத்திய, மாகாண சர்க்கார்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. இங்கிலாந்தில் இந்த வேலைக்காரர்களுக்கு 2004 முதலே பதிவு உண்டு. அங்கே பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளுவது குற்றம்.

இந்தத் தாமதத்திற்குக் காரணம் பணமில்லாமை மாத்திரம் அல்ல என்பது நமது அபிப்பிராயம். ரத்தம் துடைப்பது, அழுக்குத் துணி அலசுவது, ஆயுதம் கழுவுவது இவையெல்லாம் "கீழான" வேலை, அதற்குப் படிப்பு எதற்கு என்கின்ற ஜாதிப் புத்திதான் பெரிய காரணமாகும். கையால் செய்யும் வேலைக்கு அறிவு வேண்டியதில்லை என்று ஆயிரக்கணக்கான வருஷமாய்ச் சொல்லிவந்த நாட்டில், கூட்டுகின்றவரைக் கூப்பிட்டுக் கையுறை மாட்டி ஆபரேஷன் அறையில் நிறுத்திவிடுவது யாருக்கும் தப்பாகத் தோன்றுவதில்லை. தப்பு நேர்ந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றவரும் அவரேதான்.

இருபது வருஷமாய் இந்த வேலையைச் செய்தே பழகின ஏழைகள், சர்டிபிகேட் இல்லை என்பதற்காகத் தெருவில் நிற்க வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கின்றார்கள். நியாயமான கேள்வியே. கூடாது என்பதுதான் நமது பதில். பழகின கையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதற்குக் காரணம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சம்பளத்தோடு பயிற்சி கொடுத்து, தாய்மொழியில் பரீட்சை வைத்து, தேறினவரைப் பதிவு செய்யட்டும். நமது மாகாணத்தில் சர்க்கார் ஓராண்டு சர்டிபிகேட் படிப்பில் தேறினவர்களும் பலர் இருக்கின்றார்கள். சட்டம் கேட்கும் இரண்டு வருஷத்திற்குக் குறையாக உள்ள படிப்பை அவர்கள் வேலையில் இருந்துகொண்டே முடிக்க வழி செய்யட்டும்.

ஆனால் சர்டிபிகேட் என்ற பேரால் மற்றொரு மோசடிக்கும் இடங்கொடுக்கக் கூடாது. ஆறு மாதத்தில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், வேலை நிச்சயம் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டிப் பணம் பறிக்கும் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. ஓர் ஆபரேஷனைக்கூடப் பார்க்காமல் வாங்கின சர்டிபிகேட்டுக்கும், ஓர் எழுத்துக்கூடப் படிக்காமல் மேல்ஜாதி ஆக்கிவிடும் பூணூலுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை. இரண்டும் யோக்கியதை இல்லாமல் வந்த அந்தஸ்தேயாகும்.

நமது தருமபுரி ஜில்லா 2011 ஜனக் கணக்குப்படி 100-க்கு 68 அல்லது 69 பேரே எழுதப் படிக்கத் தெரிந்து, தமிழ்நாட்டில் கடைசியாக நின்ற ஜில்லா. இங்கே 2008 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் பிளஸ் டூ தேறிவிட்டு, திருப்பூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுகின்ற பிள்ளைகள் இருக்கின்றார்கள். அந்தக் கல்லூரியில் இத்தொழிலுக்கு இடங்களைப் பெருக்கி, அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்து, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் ஆஸ்பத்திரிகளில் வேலை கொடுத்தால் பிள்ளைக்கும் பிழைப்பு, நோயாளிக்கும் பிழைப்பு.

அதுவரையில் தோழர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் மனைவியையோ பிள்ளையையோ ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது நீட்டின காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் வாய் திறந்து கேளுங்கள். மயக்க மருந்துக்குத் தனி டாக்டர் உண்டா? அவருக்கு உதவுகின்றவர் படித்தவரா? ஆயுதத்தைச் சுத்தி செய்கின்றவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? பஞ்சுக் கணக்கை யார் எழுதுகின்றார்கள்? கேட்டால் கோபித்துக்கொள்ளுவார்களே என்று பயப்பட வேண்டியதில்லை. ஒழுங்காய் நடத்துகின்றவர் சந்தோஷமாய்ப் பதில் சொல்லுவார். கோபிக்கின்றவரின் கோபமே உங்களுக்குப் பதிலாகும். பத்து பேர் கேட்டால் பதினோராவது பேருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.