எந்திரத்தின் அடியில்...



காலையில் பள்ளிக்குக் கிளம்பவே சிணுங்குகிறீர்கள், இல்லையா? 1820களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், உங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் விடியும் முன்பே பஞ்சாலைக்கு ஓடினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் அடியில் தவழ்ந்துபோய்ப் பஞ்சுத் தூசியைக் கூட்ட வேண்டும். அறுந்த நூலை இணைக்க வேண்டும். தினம் 12 மணி நேரத்துக்கும் மேல்! அந்தப் பஞ்சில் பெரும்பகுதி, அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் பறித்தது. அங்கேயும் குழந்தைகள் பறித்தார்கள்.

1833-ல் சட்டம் வந்தது. 9 வயது நிரம்பாதவர்களைப் பஞ்சாலையில் சேர்க்கக் கூடாது. 13 வயதுக்குட்பட்டோருக்கு 9 மணி நேரமே வேலை. தினமும் 2 மணி நேரம் படிப்பு. பாதிச் சட்டம் என்றுதான் சொல்வேன். நாடு முழுவதும் கண்காணிக்க எத்தனை ஆய்வாளர்கள் தெரியுமா? நான்கே பேர்! வயதை உறுதியாகச் சரிபார்ப்பதும் கடினம்; அங்கே அரசின் பிறப்புப் பதிவே 1837-ல்தான் தொடங்கியது.