இயந்திர மனிதனுக்கு எஜமான் யார்?

'ரோபோ' என்ற சொல் இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. இயந்திர மனிதன் வரப்போகிறான், இனி ஆள் வேண்டாம், கேள்வி கேட்கும் தொழிலாளி வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளிமார் குதூகலிக்கிறார்கள். இந்தச் சொல் எங்கே பிறந்தது என்பதை உழைப்பாளி மக்கள் அறிந்துகொள்வது நல்லது. தோழர்களே, அது பிறந்த இடம் பண்ணை!

செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால், குடியானவன் பண்ணைப் பிரபுவின் நிலத்தில் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. 1775-ல் பொஹீமியாவின் குடியானவர்கள் இக்கொடுமையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். வாரத்திற்கு 3 நாளுக்கு மேல் இவ்வேலையை வாங்கக் கூடாதென்று அதே ஆண்டில் அரசு சட்டம் போட்டது. அது அடியோடு ஒழிந்ததோ 1848-ல், புரட்சி வீசிய ஆண்டில்.

செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920-ல் 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தை எழுதினார். செயற்கைத் தொழிலாளிகளைச் செய்து விற்கும் ஒரு கம்பெனியின் கதை அது. அந்தத் தொழிலாளிகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று தம்பி தடுமாறியபோது, பழைய பண்ணைச் சொல்லை நினைவூட்டியவர் அண்ணன் ஜோசப். 1921-ல் நாடகம் பிராக் நகரில் மேடையேறியது. சொல் உலகைச் சுற்றியது. அதைக் கொடுத்த ஜோசப், நாஜிகளின் சிறைமுகாமில் 1945-ல் மாண்டார்.

கம்பெனி எப்படி ஆள் செய்கிறது? மனிதனிடம் வேலைக்கு உதவாதவை எவை என்று முதலில் கணக்குப் பார்க்கிறது. சந்தோஷம் வேண்டாம், சங்கீதம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக நீக்குகிறது. மிஞ்சுவது வேலை செய்யும் உடம்பு மட்டும். வலி தெரியாததால் ரோபோக்கள் தங்களையே சேதப்படுத்திக்கொண்டு நஷ்டம் வருத்துகின்றன என்று கண்டதும், வலியை மட்டும் சேர்த்துவைக்க முனைகிறது. இரக்கத்திற்கு அந்தக் கணக்கேட்டில் பத்தி கிடையாது.

சில வேளை ஒரு ரோபோ திடீரென்று கைவேலையைக் கீழே போட்டுவிட்டுப் பல்லை நறநறவென்று கடிக்கும். மானேஜர் அதைப் பழுது என்கிறார். அரவைக்கு அனுப்பச் சொல்கிறார். அது என்னவென்று, வேலைநிறுத்தம் கண்ட எந்த ஆலைத் தொழிலாளிக்கும் விளக்க வேண்டியதில்லை!

வேலை பறிபோன தொழிலாளர்கள் ரோபோக்களை அடித்து நொறுக்குகிறார்கள். உடனே அதே ரோபோக்கள் கையில் ஆயுதம் கொடுத்து அவர்களைச் சுடுகிறார்கள். பிறகு அரசாங்கங்கள் அவற்றைப் பட்டாளத்தில் சேர்க்கின்றன. ரோபோக்களே கலகம் செய்யத் தொடங்கியதும் மானேஜர் புதுத் திட்டம் போடுகிறார்: நாட்டுக்கு ஒரு தொழிற்சாலை, வேறு வேறு நிறம், வேறு வேறு மொழி, ஒன்றை ஒன்று வெறுக்க வேண்டும், ஒருநாளும் ஒன்றுசேரக் கூடாது! சாதியைச் சொல்லியும் மதத்தைச் சொல்லியும் கூலிக்காரனைக் கூலிக்காரனோடு மோதவிடும் வித்தைக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமா? திட்டம் நிறைவேறுமுன் கலகம் முந்திக்கொள்கிறது. மனிதரில் ஒருவரை மட்டும் ரோபோக்கள் உயிரோடு விடுகின்றன. அவர் கட்டிட வேலைக்காரர். தங்களைப் போலவே கையால் உழைப்பவர் என்பதே காரணம்.

சாபெக் பொதுவுடைமையை ஏற்றவர் அல்ல. மனித குலத்தின் அகந்தையே அழிவுக்குக் காரணம் என்ற எண்ணம் நாடகத்தில் ஓங்கி நிற்கிறது. இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். 'மனித குலம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பங்குதாரனும் நெசவாளியும் ஒரே கூண்டில் நிற்க வேண்டிவரும். லாபம் யார் வீட்டுக்குப் போயிற்றோ அவன் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

இதெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ள வேண்டாம். கிடங்குத் தொழிலாளியின் கை எங்கே போகிறது என்று கண்காணித்து, அதிர்வு கொடுத்து வழிகாட்டும் ஒரு கைப்பட்டைக்கு அமேசான் கம்பெனி 2018-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. காப்புரிமை பெற்றதனாலேயே அது எல்லார் கையிலும் ஏறிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூலதனத்தின் ஆசை என்னவென்று இதிலிருந்து புரிகிறது. மனிதனைப் போன்ற இயந்திரம் கைக்கு வரும் வரை, மனிதனையே இயந்திரமாக்கப் பார்க்கிறது.

ஆகவே இயந்திரத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதன்மேல் கல்லெறியவும் வேண்டாம். எட்டு ஆள் வேலையை ஒரு இயந்திரம் செய்யுமானால், எட்டுப் பேருக்கும் வேலை நேரம் குறையட்டும், கூலி குறையாதிருக்கட்டும் என்று கேட்போம். எந்த இயந்திரம் வருகிறது, எதற்கு வருகிறது, நம்மைப் பற்றி எதைக் குறித்துக்கொள்கிறது என்பதைச் சங்கத்திடம் சொல்லிவிட்டே கொண்டுவர வேண்டும் என்று கேட்போம். ஆலைக்கும் வயலுக்கும் இது பொதுக் கோரிக்கை.

ரோபோட்டா தானாக ஒழியவில்லை. குடியானவன் நிமிர்ந்து நின்றான், அது ஒழிந்தது. புதிய ரோபோட்டாவுக்கும் அதே மருந்துதான்!