பீரோவில் தூங்கும் லென்ஸ்

என் சித்தப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது ஒரு பென்டாக்ஸ் கேமராவும் கொண்டுவந்தார். 1979-ல் கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் கடற்கரையில் நிற்கும் படம் அதில் எடுத்ததுதான்.

கேமரா எப்போதோ கெட்டுப்போனது. அதன் இரண்டு சூப்பர் டாக்குமார் லென்ஸ்களைத் தோல் உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். போன வருஷம் திறந்தால், 135 மி.மீ. லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை. நம்ம ஊர் கடல்காற்றுக்குத் தோல் உறையும் பூட்டிய பீரோவும் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. பத்திரப்படுத்துவதாக நினைத்து நானே கெடுத்திருக்கிறேன்.

தப்பித்தது 55 மி.மீ. லென்ஸ். அதை மகனுடைய மிர்ரர்லெஸ் கேமராவில் மாட்டினேன். பழைய கேமராவுக்குள் ஏறி இறங்கும் கண்ணாடிக்கு இடம் விட்டு, லென்ஸ் பிலிமிலிருந்து சுமார் 45 மி.மீ. தள்ளி நிற்கும். இன்றைய மிர்ரர்லெஸ் கேமராக்களுக்கு 16 முதல் 20 மி.மீ. போதும். மீதித் தூரத்தை ஒரு வெற்று உலோக வளையம் நிரப்புகிறது. அடாப்டர் என்பது அவ்வளவுதான். லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடுக்கும்படி மெனுவில் மாற்ற வேண்டும். லென்ஸில் உள்ள சின்ன விசையை 'எம்' பக்கம் தள்ள வேண்டும். இல்லையென்றால் துளை சுருங்காது.

பழைய லென்ஸில் ஏதோ மாயம் இருப்பதாகச் சொல்லி இப்போது விலை ஏற்றி விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் வெளிறுகிறது. ஓடும் பேரனைப் பிடிக்க முடியவில்லை. அதற்குப் புது லென்ஸ்தான் சரி. காசு கொடுத்துப் பழையதை வாங்காதீர்கள்.

ஆனால் வீட்டில் இருந்தால் எடுத்துப் பயன்படுத்துங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு, கையால் ஃபோகஸ் செய்வது இனி நமக்கில்லை என்று விட்டிருந்தேன். புது கேமராவில் ஒரு பொத்தானை அழுத்தினால் முகம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ஃபோகஸ் ஆன விளிம்புகள் நிறத்தில் மின்னுகின்றன. 72 வயதுக் கண்ணுக்கு அது ஊன்றுகோல். விரல்களுக்குப் பழக்கம் மறக்கவில்லை.

உட்கார்ந்திருப்பவரை எடுக்க அவசரம் எதற்கு? 1950 ஏப்ரலில் கார்த்தியே பிரெசோன் இங்கே வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்ததும் கையால் ஃபோகஸ் செய்துதான். அந்த டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார், படங்கள் இருக்கின்றன.

போன வாரம் பழைய கலங்கரை விளக்கம் பக்கத்தில் மனைவியை உட்காரவைத்தேன். அதே லென்ஸ். "என்னங்க, இன்னுமா?" என்றாள். அவள் சிரிக்கும்வரை காத்திருந்து எடுத்தேன்.

உங்கள் பீரோவையும் இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். தோல் உறையைத் தூரப் போட்டுவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். அதைவிட, வெளியே எடுத்துப் போய் யாரையாவது படமெடுங்கள்.